வீடு கேட்டுப் போகிறவர்களின் வழிச்செலவு

(ஜெகதாப்பட்டினத்தில் மீனவக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலோரத்தில் பத்து, பதினைந்து வருடத்துக்கு முன்னால் கட்டிய தொகுப்பு வீடுகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். பல வீடுகளில் மேல்தளத்தின் அடியில் ஒரு பழுப்புக் கோடு ஓடும். ஒரு மழைக்காலம் போனால் அது வெடிப்பாகும். அப்புறம் காரை பெயர்ந்து விழும். உள்ளே கம்பி துருவேறி, பொருக்குத் தட்டி, ஊதிப்போய் நிற்கும். அதே தளத்தின் கொக்கியில்தான் பிள்ளைக்குத் தூளி கட்டியிருப்பார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. காற்றில் வருகிற உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருக்கிறது. பருத்த கம்பி தன்மேல் இருக்கும் காரையைத் தள்ளி உடைக்கிறது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 456, கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. காரை உதிர்ந்த இடத்தில் அளவு நாடாவை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். எத்தனை இடத்தில் அதில் பாதியாவது இருக்கிறது?

அந்த 45 மில்லிமீட்டரைக் காப்பாற்றுவது, கம்பிக்கு அடியில் கொத்தனார் வைக்கிற ‘கவர் பிளாக்’ என்ற சின்ன சிமென்ட் கட்டி. தளம் போடுகிற காலையில், கலவை கொட்டுவதற்கு முன்னால், அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண் அளவு நாடாவோடு நின்று, “இந்தக் கட்டி உயரம் போதாது, மாற்றி வையுங்கள்” என்று சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னும் பல வருட ஆயுள் கிடைக்கும். ஆனால் அவர் அங்கே நிற்கிற நேரத்தில் மீன் கம்பெனியில் அவருடைய அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை யார் கொடுப்பது? இன்றைக்கு என் பேச்சுக்குப் பொருள் அதுதான்.

வீட்டுக்குப் பணம் இல்லாத காலம் என்று இதைச் சொல்ல மாட்டேன். 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011இல் சூரிய மின்சக்தியோடு பசுமை வீடு வந்தது, 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய். பிரதமரின் பெயரில் ஒரு திட்டம் நடக்கிறது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் வந்தது: 360 சதுர அடி, வீட்டுக்கு 3.50 லட்சம், 2030க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு, மொத்தம் 8 லட்சம் வீடுகள். நல்ல திட்டம், மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால் அதன் வாசற்படியிலேயே ஒரு கேள்வி நிற்கிறது: பட்டா இருக்கிறதா?

பாட்டன் காலத்திலிருந்து அதே மணலில் குடியிருப்பார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின் இணைப்பு எல்லாம் அந்த விலாசத்தில் இருக்கும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த இடம் புறம்போக்கு என்று இருக்கும். அதைச் சரிசெய்யாமல் 3.50 லட்சம் அந்தக் குடிசைக்கு வராது. சரிசெய்ய வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும், வருவாய் ஆய்வாளரைப் பார்க்க வேண்டும், சர்வேயர் வருகிற நாளுக்குக் காத்திருக்க வேண்டும், மணமேல்குடி தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டும். அங்கும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டம். இங்கிருந்து அறந்தாங்கி போய் பஸ் மாறிப் புதுக்கோட்டை போக வேண்டும். விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாள் திங்கள், புதன், சனி. அதாவது மனு கொடுக்கிற நாளில் ஆண்கள் கடலில் இருப்பார்கள். மனுவோடு போகிற பெண் ஊர் திரும்பும்போது இருட்டிவிடும். விடிந்தால் படகு கரை பிடிக்கும், மீன் பிரிக்க ஓட வேண்டும்.

பஸ் கட்டணம், ஜெராக்ஸ், மனு எழுதுகிறவருக்கு ஒரு தொகை, மதியச் சாப்பாடு, விட்டுப்போன கூலி. ஒரு முறை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம். இது ஒரு முறையில் முடிகிற வேலையா? தெரு முழுவதற்கும் சேர்த்து ஒருவர் நடந்தால் ஒழிய முடியாத வேலை. அப்படி நடக்கிற ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். தன் கைக்காசைப் போட்டு இரண்டு வருடம் நடப்பார். வீட்டில் சண்டை வரும். பிறகு நின்றுவிடுவார். அவர் நின்றதும் கோப்பும் நின்றுவிடும். சுவருக்கும் தளத்துக்கும் ஒதுக்கீடு செய்கிற அரசோ அறக்கட்டளையோ இந்த நடைக்கு ஒதுக்கீடு செய்வதில்லை. கட்டி முடித்த வீடுகள் வீணாவதற்கும் கட்ட வேண்டிய வீடுகள் வராமல் போவதற்கும் இதைவிடப் பெரிய காரணம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கிழக்கே கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம். அந்தக் கரைக்கும் நமக்கும் நடுவே கைதும் சிறையும் படகு பறிமுதலும் இருக்கின்றன. நம் இழுவை மடியால் அங்குள்ள மீனவர்களுக்கு உண்டான மனவருத்தமும் இருக்கிறது. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் வீட்டு விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

இலங்கையில் போர் 2009இல் முடிந்தது. இடம்பெயர்ந்தவர்களுக்கு 50,000 வீடுகள் கட்டித் தருவதாக 2010இல் இந்திய அரசு அறிவித்தது. அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரரே முன்நின்று கட்டினார், 5.50 லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக அவர் கணக்குக்கே வந்தது. பக்கத்தில் நின்று அளவு சொல்லவும் தரம் பார்க்கவும் செயல்படுத்திய அமைப்புகளின் ஆட்கள் இருந்தார்கள். தொகை போதாமல் கடன்பட்ட குடும்பங்கள் உண்டு. ஆனாலும் எங்கே சமையலறை, எந்தப் பக்கம் வாசல் என்று முடிவுசெய்தது அந்தக் குடும்பம்.

அதற்குப் பிறகு வந்தது எஃகு வீடு. வடக்கிலும் கிழக்கிலும் 65,000 குடும்பங்களுக்கு முன்கூட்டியே செய்த எஃகு வீடுகளை ஆர்சலர் மிட்டல் நிறுவனத்தின் மூலம் கொண்டுவந்து நிறுத்துவது என்று 2016இல் கொழும்பு அரசு முனைந்தது. முதலில் சொன்ன விலை ஒரு வீட்டுக்கு 21 லட்சம் இலங்கை ரூபாய்க்கு மேல். வீடில்லாமல் தறப்பாளுக்குள் கிடந்த மக்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனால் மாதிரி வீட்டைக் கட்டிக் காட்டியபோது மக்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். விறகு அடுப்பின் புகை போக வழி எங்கே? இந்த வெயிலில் உள்ளே எப்படிப் படுப்பது? அஸ்திவாரம் போதுமா? துருப்பிடித்தால் உள்ளூர்க் கொத்தனாரால் திருத்த முடியுமா? மகளுக்குக் கல்யாணமானால் பின்பக்கம் ஓர் அறை இறக்க முடியுமா?

இவை வீட்டுக்குள் வாழப் போகிறவர் கேட்கிற கேள்விகள். கட்டடக்கலை தெரிந்தவர்களும் சமூக ஆய்வாளர்களும் வடக்கின் மக்கள் பிரதிநிதிகளும் அந்தக் கேள்விகளைக் கையில் எடுத்தார்கள். அதில் பாதிச் செலவில் கல் வீடு கட்ட முடியும், அந்தக் கூலி உள்ளூர்க் கொத்தனாருக்கும் கல் அறுக்கிறவருக்கும் போகும் என்று மாற்றுக் கணக்கையே போட்டுக் காட்டினார்கள். 65,000 எஃகு வீடுகள் என்ற அந்தத் திட்டம் கடைசியில் நடக்கவில்லை. ஒரு பெரிய நிறுவனமும் ஓர் அரசும் சேர்ந்து கொண்டுவந்த திட்டத்தை நிறுத்தியது, பொறுமையாக உட்கார்ந்து போட்ட கணக்கும் தைரியமாகக் கேட்ட கேள்வியும். அப்படிக் கணக்குப் போட நேரம் வேண்டும். நேரத்துக்குச் சோறு வேண்டும்.

நம் பக்கத்தில் 2004 சுனாமியை நினைத்துப் பாருங்கள். இலங்கையின் மறைவில் இருந்ததால் இந்தக் கரை ஓரளவு தப்பியது; நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். முதலில் போட்டுக்கொடுத்த தற்காலிகக் கொட்டகைகளின் தார் அட்டைக் கூரை வெயிலில் கொதித்தது. அடுத்து 2005 மார்ச்சில் அரசாணை 172 வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்கு உள்ளே இருப்பவர் இடம்பெயர்ந்தால் 1.50 லட்சம் ரூபாயில் புது வீடு. பழைய இடத்திலேயே இருப்பேன் என்றால் அரசு உதவி கிடையாது. வலையும் படகும் வாசலில் இருக்க வேண்டிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய முடிவு! அந்த நேரத்தில் சினேகா அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து நாகையில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன கட்டுகிறது, அரசாணை என்ன சொல்கிறது என்பதை ஊர்களுக்குக் கொண்டுபோவதும், ஊர் சொல்வதை மாவட்ட நிர்வாகத்துக்குக் கொண்டுபோவதும் அதன் வேலை. செங்கல் ஒன்றுகூட அடுக்காத அந்த வேலைக்கும் அன்றைக்குப் பணம் கிடைத்தது, பேரிடரின் பரபரப்பில் உலகமே கொட்டிக்கொடுத்ததால். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்துக் குடிசைகள் பறந்தன, தென்னைகள் சாய்ந்தன. தார்ப்பாயும் அரிசியும் லாரி லாரியாக வந்தன. அந்த வேகமும் சில மாதத்தில் வடிந்துவிட்டது. அதே நவம்பரில்தான் உலகச் சுகாதார நிறுவனம் வீடும் உடல்நலமும் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெரிசல், உள்வெப்பம், விபத்து, முடியாதவர் புழங்கும் வசதி என்று வீட்டை உடம்போடு சேர்த்துப் பேசுகிற நெறிகள் அவை. இங்கே அதை எடுத்துப் பேச அன்றைக்கு யார் கையிலும் நேரம் இல்லை.

பேரிடர் இல்லாத காலத்திலும் வீடு கேட்டு நடக்கிற இந்த வேலையைத் தொடர்ந்து செய்தவர்களில் நான் தலைவணங்குகிற ஒருவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பம்பாய்க்குப் பிழைக்கப் போனார், ஜனதா காலனிக் குடிசையில் வாழ்ந்தார். 1976இல் அந்தக் காலனியையே அப்புறப்படுத்தினார்கள். மனு, வழக்கு, போராட்டம் எல்லாம் செய்து பார்த்துத் தோற்ற அனுபவம் அது. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட வழி, எண்ணுவது. 1985இல், அவருடைய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்போடு பின்னர் கைகோத்த ஸ்பார்க் அமைப்பு, பம்பாய் நடைபாதைகளில் குடியிருந்த சுமார் ஆறாயிரம் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்கிறார்கள், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஏட்டில் ஏறியது. அதே வருடம் உச்ச நீதிமன்றம் ஒல்கா டெல்லிஸ் வழக்கில் பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. ஆனால் அகற்றுவதைத் தடுக்கவில்லை. ஆக, தீர்ப்பு பாதி கொடுத்தது. மீதிக்குக் கையில் இருந்தது அந்த ஏடு.

பைகுல்லா நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்று கூடினார்கள். தினமும் கொஞ்சம் சேமித்தார்கள். தாங்கள் கட்ட விரும்பிய வீட்டை முழு அளவில் மாதிரியாகச் செய்து நிறுத்தி அதிகாரிகளை அழைத்துக் காட்டினார்கள். ஓர் ஊர்ப் பெண்கள் ரயிலேறி இன்னோர் ஊர்ப் பெண்களிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். ஜோக்கினுக்கு 2000இல் மகசேசே விருது வந்தது. 2018 அக்டோபரில் மறைந்தார். அந்த இயக்கத்துக்குப் பணம் கொடுத்தவர்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இது: வீடு ஒன்றுகூட எழும்பாத வருடங்களிலும், கூடிப் பேசுவதற்கும் எண்ணுவதற்கும் ரயில் டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்தார்கள். அதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். 2009இல் ஆசிய வீட்டுரிமைக் கூட்டணி இன்னொரு வழியைக் காட்டியது. ஒரு குடியிருப்பின் சிறு வேலைக்கு 3,000 டாலர், அவ்வளவுதான். நடைபாதையோ குழாயோ, எதைச் செய்வது என்பதைக் குடியிருப்பே முடிவுசெய்ய வேண்டும். சிறிய தொகை என்பதால் பெரிய கைகள் அதில் நுழையவில்லை.

அரசுப் பணத்தில் மக்களைத் திரட்டவே முடியாது என்று யாராவது சொன்னால், நம் புதுக்கோட்டையைக் காட்டுங்கள். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவுக்கான அரசுப் பணத்தில் நடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அப்போது சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதே ஆண்டுகளில் கல்குவாரிப் பெண்கள் கூலியாட்களாக இருந்த குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். மனமுள்ள ஒரு கலெக்டரும் தொண்டர்களும் சேர்ந்தால் அரசின் கஜானாவும் இதற்குத் திறக்கும். அடுத்த கலெக்டர் வந்ததும் மூடிக்கொள்ளவும் கூடும்.

வெளியிலிருந்து வரும் பணத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் செய்த திருத்தம், ஒரு பெரிய தொண்டு நிறுவனம் தனக்கு வந்த பணத்தைச் சிறிய ஊர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடைசெய்துவிட்டது. நிர்வாகச் செலவை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. மனு எழுதுகிறவரின் சம்பளமும் பயணமும் இந்தக் கணக்கில் நிர்வாகச் செலவாகப் போய் விழுந்தால், முதலில் வெட்டு விழுவது அங்கேதான். உச்ச நீதிமன்றம் 2022இல் அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. உரிமைக்காகப் போராடுவதாலேயே ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்தக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொன்னதையும் நினைவில் வையுங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, லாபத்தில் 2 சதவீதம், பெரிய தொகைதான். ஆனால் கம்பெனிக்குக் கல்வெட்டும் திறப்பு விழாவும் உள்ள வேலைதான் வசதி. பட்டாவுக்கு நடப்பதற்கு அது எளிதில் வராது.

ஆகவே முதல் பணம் ஊரிலிருந்து வர வேண்டும் என்கிறேன். ஏழைகள் தலையிலேயே சுமையை வைக்கிறாயா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டுக்கான பணம் அரசுடையதுதான், அதில் ஒரு ரூபாயைக்கூட நாம் விட்டுக்கொடுக்க வேண்டாம். கேட்கிற குரலுக்கான பணம் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும். பிறர் பணத்தில் பேசுகிற குரலை, அந்தப் பணம் நிற்கிற அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

நமக்கு இது புதிதும் அல்ல. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற கரைகள் இவை. இதே மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கிறது. கறிச்சோறு போட்டு, நோட்டில் பெயர் எழுதி, வட்டியில்லாமல் லட்சக்கணக்கில் திரட்டி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை முறை வைத்துத் திருப்பிச் செய்கிறார்கள். வங்கி வாசலில் நிற்காமல் கிணறு வெட்டியவர்களும் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் அதில் உண்டு. அந்த ஒழுங்கும் நம்பிக்கையும் இங்கே இருக்கின்றன. திருப்ப வேண்டிய திசை மட்டும் வேறு. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 400 தலைக்கட்டு, மாதம் 20 ரூபாய் என்றால் வருடத்துக்கு 96,000 ரூபாய். ஒரே ஒரு கனவு இல்லத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. திங்கட்கிழமைப் பயணங்களுக்கும், விட்டுப்போன கூலிக்கும், தகவல் உரிமை மனுக்களுக்கும், தளம் போடுகிற நாளில் அளவு நாடாவோடு நிற்பவருக்கும் அது தாராளமாகப் போதும். இதைச் சேர்த்துக் காட்டிவிட்டு, வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளிடமும், வளைகுடாவில் இருப்பவர்களிடமும், மனமுள்ள அறக்கட்டளையிடமும் “நாங்கள் போட்டதற்கு ஈடாக நீங்களும் போடுங்கள்” என்று கேட்கலாம். அப்படிக் கேட்கிற ஊருக்கு அவர்கள் நிபந்தனை விதிப்பது கடினம்.

சங்கத்தின் பணத்தோடு இதைக் கலக்க வேண்டாம். டீசல் மானியத்துக்கும் சிறைமீட்புக்கும் அலைகிற விசைப்படகுச் சங்கத்தின் அவசரத்தில் இந்தப் பணம் கரைந்துவிடும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று எந்த ஒரு வாசலிலும் இது தங்கக் கூடாது. ஒழுகுகிற தளம் எல்லாச் சாமிக்கும் பொது. கணக்கைப் பெண்கள் வைக்கட்டும். கிராம சபை கூடுகிற நாளில் ரூபாய் ரூபாயாகப் படிக்கட்டும். வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது, ஆறு முறை படித்தால் போதும்.

முதல் வேலை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர் குடியிருப்புகளின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்கும்படி மாநிலத்துக்குச் சொன்னது. நம் மகனுக்கு இரண்டு மகன்கள் பிறப்பார்கள், அவர்களுக்கு எங்கே வீடு? அதை வரைபடத்தில் காட்டு என்பதுதான் அதன் பொருள். வரைபடத்தில் நம் தெரு சரியாக இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு கணக்கெடுப்பு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அரசு நிவாரணம் 8,000 ரூபாய். படகு கட்டிக் கிடக்கிற அந்த நாட்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். வீட்டுக்கு வீடு போய் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை பேர், எத்தனை அறை, கூரை கீற்றா, சிமென்ட் ஷீட்டா, தளமா, கம்பி தெரிகிறதா, கழிவறைத் தொட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எத்தனை அடி, யாருக்கு இருமல், பட்டா யார் பெயரில். அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு படி கொடுங்கள், இலவசமாக வாங்காதீர்கள்.

கணக்கெடுப்பைத் தலைக்கட்டு நோட்டை வைத்துத் தொடங்காதீர்கள். கணவனை இழந்தவர்கள், பிரிந்து வாழ்கிறவர்கள், வேறு ஊரிலிருந்து படகு வேலைக்கு வந்து வாடகைக்கு ஒண்டியிருப்பவர்கள், இவர்கள் பெயர் பல ஊர்களில் அந்த நோட்டில் அரை வரியாகத்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அரசாணை 172 கொடுத்த வீடுகளை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிவு செய்யச் சொன்னது. ஓர் அரசாணை அதைச் செய்ய முடியுமானால் நம் நோட்டிலும் செய்யலாம். விடுபட்ட அந்த வீடுகளுக்கு முதல் நாளே போங்கள். அவர்களிடம் 20 ரூபாய் கேட்க வேண்டாம், பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். புதுக்கோட்டைக்குப் போகிற முதல் பஸ்ஸில் அவர்களில் ஒருவருக்கும் டிக்கெட் எடுங்கள்.